உள்ளே இருக்கும் சிப்பின் பெயரைச் சொல்லிவிடுங்கள்: லேப்டாப் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

இந்தியாவில் லேப்டாப் விற்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

நான் ஒரு பாலிடெக்னிக்கில் கணினித் துறை ஆசிரியர். வகுப்பு முடிந்த பிறகு மாணவர்களின் லேப்டாப்களில் விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸை நிறுவித் தருவதும், நிறுவிய பிறகு ஏதாவது ஓடவில்லை என்றால் கூடவே உட்கார்ந்து சரிபார்ப்பதும் பல வருடங்களாக நான் விரும்பிச் செய்துவரும் வேலை. அந்த அனுபவத்தை வைத்து உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

நீங்கள் விற்கும் ஒவ்வொரு லேப்டாப்பிலும் எந்த வைஃபை சிப் இருக்கிறது, எந்த ஆடியோ சிப், எந்தக் கேமரா, எந்தக் கைரேகை சென்சார் என்பதைப் பெயரும் எண்ணுமாக, வாங்குவதற்கு முன்பே பார்க்கும்படி எழுதி வையுங்கள். மாடல் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே சிப்பை மாற்றினால் அதையும் எழுதுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

லினக்ஸுக்கு டிரைவர் (ஒரு சிப்பை இயங்குதளம் இயக்க உதவும் நிரல்) எழுதித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. உங்கள் சேவை மைய ஊழியர்கள் உபுண்டு என்ற லினக்ஸ் வகையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் கேட்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம், லினக்ஸ் என்று வாயெடுத்த உடனே உங்கள் பக்கத்திலிருந்து வரும் பதில், “அதை நாங்கள் சப்போர்ட் செய்வதில்லை” என்பதுதான். சப்போர்ட் வேண்டாம். அந்த வேலைக்கு ஆட்கள் இருக்கிறார்கள். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலை எழுதுபவர்களில் ஒருவரான கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் 2007இல் வன்பொருள் நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஓர் அழைப்பு விடுத்தார். சிப்பைப் பற்றிய விவரங்களைக் கொடுங்கள், டிரைவரை இலவசமாக எழுதித் தருகிறோம், ரகசிய ஒப்பந்தம் போட வேண்டுமென்றால் அதற்கும் தயார் என்றார். அதற்குப் பிறகு நிறைய மாறிவிட்டது. ஒரு காலத்தில் லினக்ஸ்காரர்களைப் பாடாய்ப் படுத்திய பிராட்காம், 2010இல் தன் வைஃபை சிப்களுக்குத் திறமூல (நிரலை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைத்த) டிரைவரை வெளியிட்டது. 2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக மேடையில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், கிராஃபிக்ஸ் சிப் நிறுவனமான என்விடியாவைக் கேமராவைப் பார்த்தே திட்டினார். அதே என்விடியா 2022 மே மாதம் தன் டிரைவரின் கர்னல் பகுதிகளைத் திறமூலமாக வெளியிட்டது. இன்டெலும் ஏஎம்டியும் கிராஃபிக்ஸ் டிரைவர்களைக் கர்னலுக்குள்ளேயே வைத்துத்தான் எழுதுகின்றன.

ஆக, சிப் செய்கிறவர்களில் பெரும்பாலோர் வழிக்கு வந்துவிட்டார்கள். ஒரு சிப்பின் பெயர் தெரிந்தால், அதற்கு டிரைவர் இருக்கிறதா, எந்தக் கர்னலில் வந்தது என்று ஐந்து நிமிடத்தில் தேடிப் பார்த்துவிடலாம். உங்கள் லேப்டாப்பில் இருப்பது அந்தச் சிப்தானா என்பதைத்தான் வாங்கிப் பெட்டியைப் பிரிக்கும் வரை யாராலும் சொல்ல முடிவதில்லை.

உங்கள் தளத்தில் ஏதாவது ஒரு நாற்பதாயிரம் ரூபாய் லேப்டாப்பின் விவரப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பிராசஸரின் பெயர் கடைசி எழுத்து வரைக்கும் இருக்கும். ரேம் எத்தனை ஜிபி, எந்த வேகம், திரையின் வெளிச்சம் எத்தனை நிட், பேட்டரி எத்தனை வாட் மணி, எல்லாம் இருக்கும். வைஃபை என்ற வரிக்கு வந்தால் “வைஃபை 6, ப்ளூடூத் 5.2” என்று மட்டும் போட்டிருப்பீர்கள். வைஃபை 6 என்பது ஒரு தரநிலை. இன்டெல், ரியல்டெக், மீடியாடெக், குவால்காம் என நான்கு பேரும் அதற்குச் சிப் செய்கிறார்கள், ஒவ்வொருவரும் பல ரகங்களில். கேமராவுக்கு “720பி எச்டி”. கைரேகை சென்சாருக்கு “உண்டு”. ஒலிக்கு “ஸ்டீரியோ ஸ்பீக்கர்” என்று எழுதி, பக்கத்தில் ஏதாவது ஒரு ஆடியோ பிராண்டின் முத்திரை. மருந்து அட்டையில் கம்பெனி வைத்த பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், பக்கத்திலேயே பாராசிட்டமால் 500 மில்லிகிராம் என்று உள்ளிருப்பது எழுதியிருக்கும். நாங்கள் எதிர்பார்ப்பதும் அந்த அளவுக்கு ஒரு வரிதான்.

பெயர் தெரிந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். ஒரே ஒரு சிப்பை எடுத்துக்கொள்கிறேன். ரியல்டெக்கின் ஆர்டிஎல்8852பிஇ. விலை குறைந்த லேப்டாப்களில் ஏராளமாக வருகிற வைஃபை 6 சிப். இதற்கான டிரைவர் 2023 பிப்ரவரியில் வெளியான 6.2 கர்னலில் சேர்ந்தது. அதே ஆண்டு ஜூனில் வந்த டெபியன் 12 என்ற லினக்ஸ் வகை எடுத்துக்கொண்டது 6.1 கர்னலை. ஒரே ஒரு படி கீழே. அந்தச் சிப் உள்ள லேப்டாப்பில் டெபியன் 12ஐப் போட்டால் வைஃபை வராது. 6.8 கர்னலோடு வந்த உபுண்டு 24.04ஐப் போட்டால் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வரும். ஒரே மெஷின்தான். சிப்பின் பெயர் முன்பே தெரிந்திருந்தால், மாணவரிடம் “இதற்கு உபுண்டுவே போடு” என்று ஒரு வார்த்தை சொல்லி முடித்திருப்பேன். தெரியாததால், “லினக்ஸே சரிவராது” என்ற முடிவோடு அவர் வீட்டுக்குப் போகிறார். தவறு சிப்பின் மேலும் இல்லை, லினக்ஸின் மேலும் இல்லை, உங்கள் லேப்டாப்பின் மேலும் இல்லை. ஆனாலும் அந்தப் பிள்ளையைப் பொறுத்தவரை மூன்றும் கெட்டுவிட்டன.

இதற்கு முந்தைய தலைமுறைக்கு ஆர்டிஎல்8821சிஇ. அதன் டிரைவர் 5.9 கர்னலில்தான் வந்தது. அன்றைக்கு எல்லோரும் போட்டுக்கொண்டிருந்த உபுண்டு 20.04இல் இருந்ததோ 5.4. அப்போது கர்னலுக்கு வெளியே இருந்து டிரைவரை எடுத்து, டிகேஎம்எஸ் என்ற கருவி வழியாகக் கட்டித்தான் ஓட்ட வேண்டும். எடுப்பதற்கு இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும். போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டுத்தான் அந்த முடிச்சை அவிழ்ப்போம். இதற்கு எந்த டிரைவரும் தேட வேண்டியதில்லை, அநேகமாக எல்லா லினக்ஸும் போனை உடனே அடையாளம் கண்டுகொள்ளும். அப்புறம் கையொப்பமில்லாத நிரல்களைத் தடுக்கும் செக்யூர் பூட் போட்டிருந்தால், கட்டிய டிரைவருக்குச் சாவி உருவாக்கிக் கையொப்பமிட்டு, மறுதொடக்கத்தில் வரும் நீலத் திரையில் அந்தச் சாவியைப் பதிவு செய்ய வேண்டும். கர்னல் மேம்பட்டதும் அந்த டிரைவர் சில சமயம் கட்டப்படாமல் நின்றுபோகும். செமஸ்டர் நடுவில், பிராஜெக்ட் சமர்ப்பிக்க வேண்டிய வாரத்தில் ஒரு மாணவருக்கு வைஃபை போவது என்றால் என்ன என்று உங்கள் பொறியாளர்களுக்குப் புரியும்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை, ஒரே மாடலுக்குள் சிப் மாறுவதுதான் எங்களைத் திணறடிக்கிறது.

விடுதியில் ஒரே அறையில் இருக்கும் இரண்டு மாணவிகள், ஆன்லைன் தள்ளுபடி விற்பனையில் ஒரே நாளில், ஒரே மாடலை, ஒரே விற்பனையாளரிடம் வாங்கினார்கள். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இரண்டையும் ஆய்வகத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே பென்டிரைவிலிருந்து ஒரே லினக்ஸைப் போட்டோம். கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒட்டியிருந்த மாடல் எண் கடைசி எழுத்து வரை ஒன்றுதான். ஒரு திரையில் கல்லூரி வைஃபை, பக்கத்துக் கட்டட வைஃபை என்று வரிசையாகப் பெயர்கள் வந்தன. மற்றதில் “வைஃபை அடாப்டர் எதுவும் கிடைக்கவில்லை” என்ற ஒற்றை வாக்கியம். அந்தப் பெண் செட்டிங்ஸை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள். டெர்மினலில், உள்ளிருக்கும் சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையைக் கொடுத்து இரண்டு திரைகளையும் ஒப்பிட்டோம். பிராசஸர், எஸ்எஸ்டி, ஆடியோ எல்லாம் ஒன்றுபோல இருக்க, நெட்வொர்க் வரியில் மட்டும் இரண்டு வேறு தயாரிப்பாளர்கள், இரண்டு வேறு எண்கள். ஒன்றுக்கு டிரைவர் கர்னலிலேயே இருந்தது. மற்றதற்கு அந்த நேரத்தில் எந்தக் கர்னலிலும் இல்லை.

திருப்பிக் கொடுக்கப் பார்த்தார்கள். பழுது இருந்தால் மட்டும் மாற்றித் தருவோம், விண்டோஸில் வைஃபை வேலை செய்கிறது, ஆகவே பழுது இல்லை என்று பதில் வந்தது. விதிப்படி அது சரியான பதில்தான். ஆனால் அந்தப் பெண் வாங்கும் முன் விசாரிக்காமல் வாங்கவில்லை. அதே மாடலை வைத்திருந்த ஒரு சீனியரிடம் கேட்டு, அவருடையதில் லினக்ஸ் நன்றாக ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வாங்கினாள். வாங்குகிறவர் இதற்கு மேல் என்ன செய்ய முடியும்? இப்போது வைஃபைக்காக வெளியே ஒரு யுஎஸ்பி டாங்கிளைச் செருகிக்கொண்டு வகுப்புக்கு வருகிறாள். லேப்டாப்பில் இருப்பதே கொஞ்சம் போர்ட்தான், அதில் ஒன்று போய்விட்டது.

ஏன் மாற்றுகிறீர்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. லட்சக்கணக்கில் தயாரிக்கும்போது ஒரே சிப்பை நம்பி இருக்க முடியாது. 2020இலிருந்து 2022 வரைக்கும் உலகம் முழுக்கச் சிப் தட்டுப்பாடு இருந்தபோது கிடைத்ததைப் போட்டுத்தான் நீங்கள் உற்பத்தியை நிற்காமல் ஓட்டியிருப்பீர்கள். மாற்றுங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மாற்றியதைச் சொல்லுங்கள் என்பதுதான் என் வாதம். டிபி-லிங்க் நிறுவனத்தின் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற யுஎஸ்பி டாங்கிளை லினக்ஸ்காரர்கள் எல்லோரும் அறிவார்கள். முதல் பதிப்பில் ஏதராஸ் சிப், இரண்டாம் பதிப்பிலிருந்து ரியல்டெக் சிப். பெயர் மாறவில்லை என்பதில் எல்லோருக்கும் வருத்தம் உண்டு. ஆனால் அந்த டாங்கிளின் மேல் வெர்ஷன் எண் அச்சிட்டிருக்கிறது. அந்த ஒரு எண் இருப்பதால், வாங்குகிறவர் திருப்பிப் பார்த்து, இது வேண்டும், இது வேண்டாம் என்று சொல்ல முடிகிறது. சில நூறு ரூபாய்ச் சாமானில் செய்ய முடிந்தது நாற்பதாயிரம் ரூபாய்ச் சாமானில் முடியாதா?

பெயரோடு எண்ணும் வேண்டும் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மீடியாடெக்கின் எம்டி7921க்கும் எம்டி7922க்கும் கர்னலில் நல்ல டிரைவர் இருக்கிறது. எண்ணில் அவற்றுக்கு அண்ணன் தம்பி போலத் தெரியும் எம்டி7902க்கு, லேப்டாப்களில் அது விற்பனைக்கு வந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் டிரைவர் இல்லை. ‘மீடியாடெக் வைஃபை’ என்று பொதுவாக எழுதினால் இந்த வித்தியாசம் தெரியாது. அதுபோல, ஏஎம்டி ஆர்இசட்616 என்ற பெயரில் வருவது உண்மையில் மீடியாடெக் எம்டி7922தான். இப்படிப் பெயர்கள் மேலே மேலே ஒட்டப்படும்போது ஏமாற்றாதது, சாதனத்தை அடையாளம் காட்டும் பிசிஐ எண் ஒன்றுதான். 8086 என்று தொடங்கினால் இன்டெல், 14சி3 என்றால் மீடியாடெக், 10இசி என்றால் ரியல்டெக். அடுத்து வரும் நான்கு இலக்கம் சிப்பின் ரகத்தைச் சொல்லிவிடும். கர்னலும் இந்த எண்ணைப் பார்த்துத்தான் டிரைவரைத் தேர்ந்தெடுக்கிறது.

இந்த எண் உங்கள் விண்டோஸிலேயே தெரியும். டிவைஸ் மேனேஜரைத் திறந்து, வைஃபை அடாப்டரின் ப்ராபர்டீஸில் டீடெய்ல்ஸ் பக்கத்துக்குப் போய், ஹார்டுவேர் ஐடிஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் தயாரிப்பாளர் எண்ணும் சாதன எண்ணும் வரும். கடைக்குப் போகும் மாணவர்களிடம் இதைத்தான் சொல்லி அனுப்புகிறேன். சில கடைக்காரர்கள் பார்க்க விடுகிறார்கள், அவர்களுக்கு நன்றி. ஆனால் டெமோவுக்கு வைத்திருக்கும் பீஸில் இருக்கும் சிப் சீல் போட்ட பெட்டியில் இருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? மேலே சொன்ன இரண்டு மாணவிகள் கதைதான் அங்கேயும்.

தகவல் உங்களிடம் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஹெச்பி தன் மாடல்களுக்கு வெளியிடும் பழுதுபார்ப்புக் கையேடுகளைப் பார்த்திருக்கிறேன். அந்த மாடலில் வரக்கூடிய வைஃபை கார்டுகள் ஒவ்வொன்றும் தயாரிப்பாளர் பெயர், ரக எண், உதிரிபாக எண் சகிதம் வரிசையாக இருக்கும். அருமையான ஆவணம். அதை யாரும் தேடிப் போகாத இடத்தில் வைக்காமல், விற்பனைப் பக்கத்தில் ஒரு இணைப்பாகக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது. அப்புறம் அரசாங்கத்துக்கு நீங்கள் கொடுக்கும் விவரங்கள். லேப்டாப் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவுக்குள் வரும் பொருள், பதிவு எண் அடியிலேயே அச்சாகிறது. வைஃபை வானொலி அலையைப் பயன்படுத்துவதால் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவின் ஒப்புதலும் தேவை. அங்கெல்லாம் “வைஃபை 6” என்று மட்டும் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிவிட முடியுமா? பெட்டியின் மேல் ஒட்டும் ஸ்டிக்கரில் எம்ஆர்பி, தயாரித்த மாதம், இறக்குமதியாளர் முகவரி, சீரியல் எண்ணின் பார்கோடு என்று எத்தனையோ அச்சிடுகிறீர்கள். அந்தப் பார்கோடை அடிக்கும்போதே உள்ளே எந்தக் கார்டு போனது என்று உங்கள் தொழிற்சாலைக் கணினிக்குத் தெரியும். ஸ்டிக்கரில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது.

“பிடிக்காவிட்டால் கார்டை மாற்றிக்கொள்ளலாமே” என்று ஒரு வாதம் வரும். பல லேப்டாப்களில் மாற்றலாம்தான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இன்டெல் ஏஎக்ஸ்210 கார்டைக் கேட்டு வாங்கி நாங்களே மாற்றியிருக்கிறோம். ஆனால் பக்கத்து எண்ணான ஏஎக்ஸ்211ஐ வாங்கிவிட்டால், அது பொருத்தமான இன்டெல் பிராசஸர் உள்ள போர்டில் மட்டும்தான் ஓடும், ஏஎம்டி லேப்டாப்பில் செருகினால் பயனில்லை. சில மாடல்களில் சிப்பைப் போர்டிலேயே சால்டர் செய்துவிடுகிறீர்கள். திறந்தால் வாரண்டி போய்விடுமோ என்ற பயம் வேறு. இதிலும் போர்டில் என்ன வகை ஸ்லாட் இருக்கிறது, கார்டு கழற்றக்கூடியதா என்ற தகவல் முன்பே தெரிந்தால்தானே ஒருவர் முடிவெடுக்க முடியும்? சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறோம்.

பெயரும் எண்ணும் மட்டும் போதாத இடங்களும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் தூக்கம். லேப்டாப்பை மூடிப் பையில் போட்டுப் பஸ்ஸில் ஏறினால், இறங்கும்போது பை சூடாக இருக்கிறது, பேட்டரி பாதி காலி. மாணவர்கள் சொல்லும் குறைகளில் வைஃபைக்கு அடுத்தது இதுதான். பழைய லேப்டாப்களில் எஸ்3 என்ற ஆழ்ந்த தூக்கநிலை இருந்தது. ரேம் தவிர ஏறக்குறைய எல்லாம் அணைந்துவிடும். விண்டோஸின் மாடர்ன் ஸ்டாண்ட்பை என்ற தூக்கமுறை வந்த பிறகு பல மாடல்களின் ஃபர்ம்வேரிலிருந்து (போர்டிலேயே பதிந்திருக்கும் நிரலிலிருந்து) எஸ்3ஐ எடுத்துவிட்டீர்கள். இப்போது இருப்பது, பிராசஸர் அரைத்தூக்கத்தில் கிடக்க, மற்ற ஒவ்வொரு சாதனமும் தானாக அடங்க வேண்டிய முறை. ஏதாவது ஒரு சிப் அடங்காவிட்டால் போதும், இரவு முழுக்க மின்சாரம் ஒழுகும். லினக்ஸில் மெம்ஸ்லீப் என்ற கோப்பைத் திறந்தால் எந்த நிலைகள் இருக்கின்றன என்று தெரிந்துவிடும். ஆனால் அதுவும் வாங்கிய பிறகுதான். எஸ்3 உண்டா இல்லையா, பயாஸில் மாற்ற முடியுமா என்பதை விவரப் பக்கத்தில் எழுதினால் விண்டோஸ்காரர்களும் உங்களுக்கு நன்றி சொல்வார்கள், ஏனென்றால் சூடான பை அவர்களுக்கும் தெரிந்த தொல்லைதான்.

அடுத்தது ஸ்பீக்கர். இதில் சிப்பின் பெயர் தெரிந்தும் பிரயோஜனம் இல்லாமல் போகலாம். சிர்ரஸ் லாஜிக்கின் சிஎஸ்35எல்41 என்ற ஆம்ப்ளிஃபயர் பல லேப்டாப்களில் இருக்கிறது. அதற்கு லினக்ஸ் டிரைவர் இருக்கிறது, சிர்ரஸ் நிறுவனத்தின் பொறியாளர்களே எழுதியது. ஆனால் எந்த ஸ்பீக்கர் இடது, எது வலது, எந்த பின்னில் இணைப்பு என்ற விவரங்களை டிரைவர், ஃபர்ம்வேரில் வன்பொருள் விவரங்களைச் சொல்லும் உங்கள் ஏசிபிஐ அட்டவணையிலிருந்து படிக்க வேண்டும். பல மாடல்களில் அந்தப் பகுதியை எழுதாமலே விட்டுவிட்டீர்கள். விளைவு, ஹெட்ஃபோனில் பாட்டு கேட்கிறது, ஸ்பீக்கர் ஊமை. கர்னல்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? உங்கள் மாடல்களை ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்து, விடுபட்ட விவரங்களைக் கர்னலுக்குள்ளேயே ஒரு பட்டியலாக எழுதிச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் ஃபர்ம்வேரில் நிரப்பப்படாத சில வரிகளுக்காக, சம்பந்தமே இல்லாத யாரோ தங்கள் நேரத்தைக் கொடுக்கிறார்கள். இதை நினைத்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

கேமரா விஷயத்தில் நிலைமை மெல்லத் தேறிவருகிறது. இன்டெலின் 12ஆம் தலைமுறையோடு வந்த மெல்லிய, விலை கூடிய லேப்டாப்கள் சிலவற்றில் வழக்கமான யுஎஸ்பி கேமராவுக்குப் பதில் பிராசஸரில் உள்ள ஐபியு6 என்ற படச் செயலாக்கப் பகுதி வழியாக இணைக்கும் கேமரா (எம்ஐபிஐ கேமரா) வைத்தார்கள். அதற்கான அடிப்படை டிரைவர் கர்னலில் சேர 2024இல் வந்த 6.10 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதுவரை, விலை குறைந்த லேப்டாப்பில் ஓடிய கேமரா லட்ச ரூபாய் லேப்டாப்பில் ஓடவில்லை. ‘யுஎஸ்பி கேமரா’ அல்லது ‘எம்ஐபிஐ கேமரா’ என்று விவரப் பக்கத்தில் இரண்டே சொல் இருந்திருந்தால், ஆன்லைன் நேர்காணலுக்காக அந்த லேப்டாப்பை வாங்கியவர்கள் வேறு மாடலுக்குப் போயிருப்பார்கள்.

நீங்கள் நினைத்தால் முடியும் என்பதற்குச் சான்று உங்களிடமே இருக்கிறது. டெல் 2012இலேயே எக்ஸ்பிஎஸ் 13ஐ உபுண்டுவோடு விற்கத் தொடங்கியது. 2016இல் லெனோவாவின் யோகா 900இல் டிஸ்க் ரெய்டு என்ற இணைப்பு நிலையிலேயே பூட்டப்பட்டிருந்து, லினக்ஸ் இன்ஸ்டாலருக்கு எஸ்எஸ்டியே தெரியாமல் போனபோது பெரிய சத்தம் எழுந்தது. பிறகு லெனோவா, லினக்ஸுக்குப் புரியும் ஏஎச்சிஐ நிலையைத் திறந்துவிடும் பயாஸை வெளியிட்டது. அதே லெனோவா 2018இல் எல்விஎஃப்எஸ் சேவையில் சேர்ந்து, திங்க்பேட் மாடல்களின் ஃபர்ம்வேரை லினக்ஸிலிருந்தே புதுப்பிக்கும்படி செய்தது. நம் ஊரிலேயே, தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011இல் தொடங்கியபோது விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் போட்டுத்தான் மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். பாஸ், சென்னையில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய லினக்ஸ். அரசாங்கம் டெண்டரில் கேட்டது, நிறுவனங்கள் இரண்டு இயங்குதளத்துக்கும் பொருந்தும் லேப்டாப்பைக் கொடுத்தன. லட்சக்கணக்கில் வாங்குகிறவர் கேட்டால் கிடைக்கும் தகவல், ஒன்றே ஒன்று வாங்குகிறவருக்கும் கிடைக்க வேண்டும்.

யார் இதைப் பார்த்து வாங்கப்போகிறார்கள் என்று உங்கள் விற்பனைப் பிரிவு கேட்கலாம். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் ஏறக்குறைய 8ஆம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். அண்ணன் படித்த லேப்டாப்பில் தம்பியும் படிக்கும் வீடுகள் எங்கள் மாணவர்களுடையவை. அந்த மெஷின்கள் இன்னும் நன்றாகவே ஓடுகின்றன. அவற்றுக்கு இப்போது இருக்கும் நல்ல வழி லினக்ஸ்தான். அதில் பழகியவர்கள் அடுத்த லேப்டாப்பை வாங்கும்போதும் அதையே போடப் பார்ப்பார்கள். விழுப்புரம், காஞ்சிபுரம் போன்ற ஊர்களின் லினக்ஸ் பயனர் குழுக்களுக்கு ஒரு முறை வந்து பாருங்கள். அங்கே மாணவர்கள் ஒருவரையொருவர் கேட்கும் கேள்வி, “எந்த லேப்டாப்பில் பிரச்சினை இல்லாமல் ஓடும்?” என்பது. இந்தக் கேள்விக்கு ஒரு நிறுவனத்தின் பெயரைத் துணிந்து சொல்ல எங்களால் முடியவில்லை. இன்றைக்கு ஓடுவது அடுத்த மாதத்துப் பெட்டியில் ஓடுமா என்று தெரியாதபோது எப்படிச் சொல்வது? உங்களில் யார் முதலில் சிப்பின் எண்ணை வெளியே எழுதுகிறீர்களோ, அவர்கள் பெயரை நாங்கள் தயங்காமல் சொல்வோம்.

சேவை மையங்களுக்கும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். லினக்ஸ் போட்டிருப்பதாலேயே வாரண்டி கிடையாது என்று கவுன்டரில் இருப்பவர் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிய மாணவர்களை எனக்குத் தெரியும். கீபோர்டில் ஒரு கீ விழுந்ததற்கும் இயங்குதளத்துக்கும் என்ன சம்பந்தம்? உங்கள் வாரண்டி விதிகளில் அப்படி எழுதியிருந்தால் எந்தப் பத்தியில் என்று காட்டச் சொல்லுங்கள். எழுதவில்லை என்றால் அப்படிச் சொல்ல வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஜூன், ஜூலையில் கல்லூரி திறக்கும்போது முதலாண்டு மாணவர்கள் பெற்றோரோடு லேப்டாப் கடைக்குப் போவார்கள். நகையை வைத்துப் பணம் புரட்டி வருகிறவர்களும் அதில் உண்டு. அதற்கு முன் உங்கள் விற்பனைப் பக்கங்களில் வைஃபை, ஆடியோ, கேமரா, கைரேகை சென்சார் ஆகியவற்றின் பெயரையும் எண்ணையும் சேருங்கள். ஒரே மாடலில் இரண்டு மூன்று சிப் வரும் என்றால் மூன்றையும் எழுதி, சீரியல் எண்ணைப் போட்டால் எது என்று காட்டும் வசதியைக் கொடுங்கள். முடியாது என்றால், ஏன் முடியாது என்பதை எழுத்தில் சொல்லுங்கள். எந்தப் பதில் வந்தாலும் அதை அப்படியே எங்கள் துறை அறிவிப்புப் பலகையில், உங்கள் நிறுவனத்தின் பெயரோடு ஒட்டி வைக்கிறேன். மாணவர்கள் படித்துவிட்டு வாங்கட்டும்.

இப்படிக்கு,
மாணவர்களுக்கு லினக்ஸ் நிறுவித் தரும் ஒரு பாலிடெக்னிக் ஆசிரியர்